வாட்டர்லூ தெருப் பட்டாளம்

சேலை கட்டிய இருபது பெண்கள் தோளில் துப்பாக்கியோடு வரிசையாக நின்றார்கள். 1943 ஜூலை 12. சிங்கப்பூருக்கு வந்து பத்து நாளே ஆகியிருந்த சுபாஷ் சந்திர போஸுக்கு அவர்கள் அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். கையிலிருந்தது .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள். ஒவ்வொன்றும் நான்கு கிலோ கனம். ஐ.என்.ஏ. என்னும் இந்திய தேசிய ராணுவத்துச் சிப்பாய்களிடம் இரவல் வாங்கியவை. சில நாள் முன்புவரை அந்தப் பெண்கள் அடுப்படியையும் பள்ளிக்கூடத்தையும் தவிர வேறொன்றும் அறியாதவர்கள்.

அவர்களை வீடு வீடாகப் போய்த் திரட்டியவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். 1914இல் சென்னையில் பிறந்தவர், அம்மு சுவாமிநாதனின் மகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1940இல் சிங்கப்பூர் வந்து, ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜான்சி ராணியின் பெயரில் ஒரு பெண்கள் படை வேண்டும் என்று போஸ் கேட்டபோது அதற்குத் தலைமையேற்று நடத்த முன்வந்தார். அன்றிலிருந்து கேப்டன் லட்சுமி.

அந்தப் படை 1943 அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ தெருவில் முகாம் போட்டது. பெண்களுக்கு இடம் ஒதுக்கவோ ஆயுதம் தரவோ அப்போது சிங்கப்பூரைப் பிடித்து ஆண்ட ஜப்பானியர்களுக்கு மனமில்லை. இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளைத் தலைவர் எல்லப்பாதான் முன்னின்று கட்டடத்தைச் சீர்செய்து கொடுத்தார். இன்று அந்தத் தெருவில் கிருஷ்ணன் கோயிலிலும் பக்கத்திலுள்ள குவான் இம் கோயிலிலும் கும்பிட வருகிறவர்கள் கூட்டம் எந்நாளும் உண்டு. இரு கோயிலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போகும் சீன மூதாட்டிகளைப் பார்க்கலாம். எண்பது ஆண்டுக்கு முன் அதே தெருவில் விடியலில் கொடி ஏற்றி, காக்கிச் சட்டையும் கால்சட்டையும் போட்ட தமிழ்ப் பெண்கள் கவாத்துப் பழகினார்கள் என்பதை அங்கே நிற்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

ராணுவ வரலாறு என்றாலே தளபதிகளின் பெயரும் போர்க்களத்தின் பெயரும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இந்தப் படையின் கதையை அப்படிச் சொன்னால் அது தோல்விக் கதை. போர்முனையில் அவர்கள் எந்த ஊரையும் பிடிக்கவில்லை. முகாமுக்குள் நடந்ததுதான் பெரிது. எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய பெண்ணும், கிராணியின் வீட்டுப் பெண்ணும், வியாபாரியின் செல்ல மகளும் ஒரே தட்டுவரிசையில் உட்கார்ந்து ஒரே சோறு தின்றார்கள். அன்றைய மலாயாவில் அது எளிதான காரியமல்ல. கங்காணி, கிராணி, கூலி என்று தோட்டத்தில் மூன்று தட்டு. லயத்து வீட்டுப் பெண் கிராணி வீட்டுப் படியேறினால் வாசலோடு சரி. சாதி அதற்கு மேல் இன்னொரு சுவர். வாட்டர்லூ தெருவில் அவர்களுக்குப் பாயும் ஒன்று, காவல் முறையும் ஒன்று. நள்ளிரவில் துப்பாக்கியோடு வாசலில் நிற்க வேண்டிய முறை வந்தால், அப்பா யார் என்று யாரும் கேட்கவில்லை.

வந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். படித்த பெண்கள் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டளைகள் ஹிந்துஸ்தானியில் வரும். அது இரு தரப்புக்குமே புது மொழி, ரோமன் எழுத்தில் எழுதிப் படித்துக்கொண்டார்கள். உடற்பயிற்சி, துப்பாக்கிப் பயிற்சி, கையெறி குண்டு, வரைபடம் பார்த்தல், பகலும் இரவுமாக நீண்ட நடை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவர்களில் மிகப் பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மலாயாவில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, பெற்றோர் சொன்ன ஊர்ப் பெயரை மட்டும் நெஞ்சில் வைத்திருந்தவர்கள். அந்த ஊருக்காகச் சாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

கோலாலம்பூரில் வசதியான வீட்டில் 1925இல் பிறந்த ஜானகி தேவர், போஸின் பேச்சைக் கேட்ட இடத்திலேயே காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். படையில் சேரப்போகிறேன் என்றபோது வீட்டில் கடும் எதிர்ப்பு, தந்தைக்குத் துளியும் சம்மதமில்லை. விடாமல் மன்றாடித்தான் அனுமதி வாங்கினார். அப்போது வயது பதினெட்டு. முகாம் சாப்பாடும் தரையில் படுப்பதும் முதலில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு அந்தப் பெண்தான் படையின் இரண்டாம் தளபதியானார்.

ஈப்போவிலிருந்து ராசம்மா வந்தார், உடன்பிறந்த பொன்னம்மாவோடு. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம், கிறிஸ்தவர்கள். ராசம்மாவுக்குப் பதினாறு வயது. இலங்கை வேர் கொண்ட ஒரு பள்ளிச் சிறுமி இந்தியாவின் விடுதலைக்குத் துப்பாக்கி தூக்கியதை எண்ணிப் பார்க்கும்போது, நம் காலத்தில் நாம் போட்டுக்கொண்டிருக்கும் கோடுகள் எவ்வளவு சின்னவை என்று தோன்றுகிறது.

ஆண்களின் கதை தேக்காவுக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. சிராங்கூன் சாலையிலிருந்து சில நிமிட நடையில் ஃபேரர் பார்க் திடல். 1933 வரை அங்கேதான் குதிரைப் பந்தயம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதனால் வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பதினேழாம் தேதி, ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை அந்தத் திடலில் கூட்டினார்கள். பிரிட்டிஷ் படையின் கர்னல் ஹண்ட் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். அடுத்து கேப்டன் மோகன் சிங் பேசினார், விடுதலைப் படையில் சேர வாருங்கள் என்று அழைத்தார். தங்கள் வெள்ளை அதிகாரிகள் தங்களை ஆடுமாடுபோல் கைமாற்றிவிட்டுப் போனார்கள் என்ற கசப்பு அன்று பலருக்கும் இருந்தது.

சேர்ந்தவர்களும் உண்டு, சேராதவர்களும் உண்டு. சேர மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் நியூ கினி வரை அடிமை வேலைக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பலர் பசியிலும் நோயிலும் மாண்டார்கள். தின்ற உப்புக்குத் துரோகம் செய்யமாட்டேன் என்று நின்றவனும் வீரன்தான். ஒரே படைப்பிரிவில் ஒன்றாகச் சண்டை போட்டவர்கள் அந்தத் திடலில் இரண்டாகப் பிரிந்தார்கள் என்பதை மறந்துவிட்டு ஐ.என்.ஏ.யைப் புகழ்வது அரைகுறை நன்றி.

மோகன் சிங் ஜப்பானியரோடு முரண்பட்டு 1942 டிசம்பரில் கைதானார், முதல் படை கலைந்தது. 1943 ஜூலை 4இல் கேத்தே கட்டடத்தில் இந்தியச் சுதந்திரச் சங்கத் தலைவர் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து சுபாஷ் பொறுப்பேற்றார். மறுநாள் பாடாங் திடலில், நகர மண்டபத்தின் முன்னால் படையைப் பார்வையிட்டு, டில்லி சலோ என்று முழங்கினார். அதற்குப் பிறகு வந்தவர்கள்தாம் நம்மவர்கள். அதுவரை தொழில்முறைச் சிப்பாய்கள். இப்போது தோட்டத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, துறைமுகக் கூலி. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி, தென்கிழக்காசியாவில் குடியிருந்த இந்தியர்களில் ஏறத்தாழ 18,000 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் தமிழர்களே மிகுதி. போஸ் ஹிந்துஸ்தானியில் பேசப் பேச, மேடையில் ஒருவர் தமிழில் சொல்வார். இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டு கூட்டம் மழையில் நனைந்தபடி நின்றிருக்கிறது.

ஏன் சேர்ந்தார்கள்? நாட்டுப்பற்று என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் சப்பான் காலத்தில் தோட்டம் இருந்த நிலையையும் பார்க்க வேண்டும். ரப்பர் வாங்க ஆளில்லை, சம்பளம் இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கே சோறு. இன்னொரு பக்கம் சயாம் ரயில். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூட எழுதப்படவில்லை. பட்டாளத்தில் சேர்ந்தவனை ரயில் பாதைக்கு இழுத்துப் போகமாட்டார்கள். ஒரு வேளைச் சோறும், ஒரு காக்கிச் சட்டையும், தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அதிகாரியும் கிடைப்பார். ஆயுள் முழுதும் ‘கூலி’ என்று அழைக்கப்பட்டவனுக்கு அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிது! பசியும் பயமும் கூட்டிவந்த மனிதனுக்குள் மான உணர்ச்சி இருக்காது என்று நினைப்பவர்கள் நம் பாட்டன்மாரை அறியாதவர்கள்.

டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் நடந்ததை இங்கே சொல்லாமல் முடியாது. 1943இல் தசரா விழாவுக்கு வரும்படி செட்டியார் கோயிலிலிருந்து போஸை அழைத்தார்கள். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்று அவர் சொல்லிவிட்டார். கோயிலார் ஒப்புக்கொண்டார்கள். அன்று கோயிலுக்குள் ராணுவ உடையில் சீக்கியரும் முஸ்லிம்களும் நின்றார்கள். போஸோடு வந்த ஆபித் ஹசன், ஜமான் கியானி இருவரின் நெற்றியிலும் திலகம் இட்டார்கள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட்டம் நடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தோட்டத்துப் பையன் ஒருவன் தன் முகாம் கூட்டாளியோடு அந்த வாசலைத் தாண்டியிருந்தால், இம்பால் போர்முனையைவிட அதுவே அவனுக்கு நீண்ட பயணமாக இருந்திருக்கும்.

இந்தக் கதையைச் சிங்கப்பூரில் சொல்லும்போது அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும். ஐ.என்.ஏ.க்கு ஆள் திரட்டத் தொடங்கிய அதே வாரங்களில்தான் ஜப்பானியர்கள் சீன ஆண்களைத் தெருத்தெருவாகப் பொறுக்கியெடுத்துக் கடற்கரையில் சுட்டுக் கொன்றார்கள். பாடாங்கில் நம்மவர் முழக்கமிட்டபோது, பக்கத்து வீட்டுச் சீனத் தாய் மகனுக்காக அழுதுகொண்டிருந்தாள். நம் வீரர்கள் யார் துணையோடு நின்றார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அண்டை வீட்டாருக்கு மட்டுமல்ல, அவர்களுக்கே அது அநியாயம். அவர்கள் செய்த தேர்வு எத்தனை இறுக்கமான இடுக்கில் செய்யப்பட்டது என்பதும் அப்போதுதான் புரியும்.

1944இல் ஜான்சி ராணிப் படைப் பெண்கள், ‘ராணிகள்’, பர்மாவுக்குக் கிளம்பினார்கள். சரக்குப் பெட்டிகளில், அந்தச் சயாம் ரயில் பாதை வழியாகவே. தங்கள் தோட்டத்து அண்ணன்களும் அப்பாக்களும் போட்ட தண்டவாளத்தின் மேல், அவர்கள் புதைந்துகிடந்த காட்டைக் கடந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி போயிருக்கிறார்கள். இதைவிடக் கனமான காட்சி நம் மக்களின் வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை.

போர்முனையில் துப்பாக்கியை நீட்டும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இம்பால் படையெடுப்பு மழைக்காலத்தில் சிக்கிச் சிதைந்தது. முன்னணிக்குப் போன ஏறத்தாழ 6,000 ஐ.என்.ஏ. வீரர்களில் 2,600 பேரே திரும்பினார்கள் என்பது கணக்கு. குண்டடியைவிடப் பசியும் நோயும் கொன்றவர்கள் அதிகம். திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக மேமியோ மருத்துவமனைக்கு வந்தபோது, அவர்களைக் குளிப்பாட்டி, புண்ணைக் கழுவி, கஞ்சி ஊட்டியது இந்தப் பெண்கள்தாம். சண்டைக்கு வந்தோம், தாதிமார் வேலை தருகிறார்களே என்ற வருத்தம் அவர்களுக்கு இருந்தது. இருந்தும் செய்தார்கள். மேலே விமானம் குண்டு போடும். கீழே நோயாளியை விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓட மனம் வராது. காலாட்படை என்பதன் பொருள் அங்கேதான் அவர்களுக்கு விளங்கியிருக்கும். பக்கத்தில் கிடப்பவரை விட்டுப் போகாதிருப்பது.

1945 ஏப்ரல் 24ஆம் தேதி இரவு ரங்கூனை விட்டுப் பின்வாங்கினார்கள். ராணிகள் பத்திரமாகக் கிளம்பும்வரை நான் நகரமாட்டேன் என்று போஸ் பிடிவாதமாக இருந்தார். லாரிகள் சேற்றில் புதைந்தன. பகலில் விமானத் தாக்குதல், அதனால் இரவில் மட்டும் பயணம். ஆறுகளைக் கடந்து, பல இரவுகள் நடந்தே போனார்கள். அந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கி நடந்தவர் ஜானகி. போஸும் காரில் ஏற மறுத்து அவர்களோடு நடந்தார். ஓரிடத்தில் அவர் பூட்ஸைக் கழற்றியபோது பாதமெல்லாம் கொப்புளம். பாங்காக் போய்ச் சேர மூன்று வாரம் பிடித்தது. எழுபதாண்டுகளுக்குப் பிறகும் ராணிகள் நினைவுகூர்ந்தது அந்த நடையைத்தான். வெற்றியின்போது ஒன்றாக நிற்பது எளிது. தோற்று, பசித்து, கால் வீங்கித் திரும்பும்போது யார் பக்கத்தில் நடந்தார் என்பதை மனிதர்கள் சாகும்வரை மறப்பதில்லை.

எல்லோரும் திரும்பவில்லை. பின்வாங்கிய ஓர் அணி சென்ற ரயிலைக் கெரில்லாக்கள் தாக்கியதில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இரண்டு ராணிகள் சுடப்பட்டு இறந்தார்கள். எழுதப்படும் இடங்களில் எல்லாம் பெரும்பாலும் இப்படி ஒற்றைப் பெயராகவே வருகிறார்கள்.

சிங்கப்பூருக்குத் திரும்பிய போஸ், 1945 ஜூலை 8ஆம் தேதி எஸ்பிளனேட் கடற்கரையில் மாண்ட வீரர்களுக்கான நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். கர்னல் சிரில் ஸ்ட்ரேசி என்ற ஆங்கிலோ இந்திய அதிகாரி இரவுபகலாக நின்று கட்டி முடித்தார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்களும் உருதுவில் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பர் முதல் வாரத்தில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. மவுண்ட்பேட்டனின் உத்தரவின்பேரில் அந்தச் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். செத்தவனின் நினைவுக்கல்லைத் தகர்ப்பதற்கு எந்தப் போர் நியாயமும் இடம்கொடுக்காது. ஐம்பது ஆண்டு கழித்து, 1995இல், சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகம் அந்த இடத்தில் ஒரு குறிப்புப் பலகை நாட்டியது. தாமதமானாலும் நன்றிக்குரிய செயல்.

போருக்குப் பிறகு ஐ.என்.ஏ. அதிகாரிகள் மூவரை டில்லி செங்கோட்டையில் விசாரித்தார்கள். அந்த வழக்கு இந்தியாவையே உலுக்கியதை உலகம் அறியும். மலாயாவில் சேர்ந்த தோட்டத்துப் பையனுக்கு வழக்கும் இல்லை, மாலையும் இல்லை. சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு மறுபடி பால்மரத்துக்குப் போனான். ஆனால் போனவன் பழைய ஆளாகப் போகவில்லை. தோட்டத்துத் துரையின் முன் தலைகுனிந்து நிற்கப் பழக்கப்பட்டவன் நிமிர்ந்து நின்றான். 1946, 47 ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களில் தொழிற்சங்கங்களும் வேலைநிறுத்தங்களும் கிளம்பியபோது அங்கே ஐ.என்.ஏ.யில் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள்.

ராணிகளும் அப்படித்தான். ஜானகி 1946இல் ஜான் திவியோடு சேர்ந்து மலாயா இந்தியர் காங்கிரஸை அமைக்க உழைத்தார். ஆதி நாகப்பனை மணந்தார், பிற்பாடு செனட்டரானார். 2000இல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது, 2014இல் மறைந்தார். ராசம்மா ஆசிரியையானார். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவியாகி, ஆணுக்கு ஒரு சம்பளம் பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்ற அநியாயத்தை எதிர்த்துப் போராடினார். ஒரே வரிசையில் ஒரே சோறு தின்ற பெண்ணால் அதைப் பொறுத்துக்கொண்டிருக்க முடியுமா? லட்சுமி படையில் உடனிருந்த பிரேம் சாகலை 1947இல் மணந்து கான்பூரில் குடியேறினார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றவர் அவரே. 2012இல் மறைந்தார்.

இந்த மூவரையும் நாம் அறிவோம். படித்த வீட்டுப் பெண்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள், பேட்டி கொடுத்தவர்கள், புத்தகத்தில் வந்தவர்கள். அவர்கள் தங்கள் பெருமையைப் பேசியதைவிடத் தோழிகளைப் பற்றிப் பேசியதே அதிகம், அதற்காக அவர்களை வணங்கலாம். ஆனால் அந்தத் தோழிகள்? தட்டுவரிசையில் பக்கத்தில் உட்கார்ந்த லயத்து வீட்டுப் பெண் தன் கதையை எழுதவில்லை. முகாமில் உடைந்த தட்டு, நினைவின் பந்தியில் மறுபடி எழுந்து நிற்கிறது. எண்ணிக்கையில் அதிகமாக இருந்தவர்கள் ஏட்டில் குறைவாக இருக்கிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத குறையாகப் படுகிறது. பட்டாளம் அவர்களுக்குக் கொடுத்த சமத்துவத்தை நாம் பறித்துவிட்டோம் என்றே சொல்வேன்.

சரிசெய்ய இன்னும் வழி இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவைத் தொடங்கி, 1981 முதல் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிப் பேட்டிகள் எடுத்தது. ஐ.என்.ஏ.யில் இருந்தவர்களின் குரல்களும் அதில் இருக்கின்றன. இணையத்தில் கேட்கலாம். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்திலும் அந்தக் காலத்துப் பொருள்களைக் காணலாம். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கே போய்வர என்ன தடை?

படையில் இருந்தவர்களை நேரில் கேட்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அதனால் அவசரம். உங்கள் வீட்டுப் பெட்டியில் காக்கி உடுப்பில் பாட்டனோ பாட்டியோ நிற்கும் படம் இருந்தால், ஆசாத் ஹிந்த் முத்திரை போட்ட ஒரு காகிதம் இருந்தால், அதைப் படம்பிடித்து வையுங்கள், காப்பகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். காகிதம் இல்லாவிட்டாலும் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்துத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த வயது, யாரோடு போய்ப் பெயர் கொடுத்தார், முகாமில் அவருக்கு உற்ற கூட்டாளி யார், அந்தக் கூட்டாளியின் ஊர் எது, திரும்பி வந்தாரா. இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கடைசிக் கேள்வியின் பதிலில் வரும் பெயரைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள், தகப்பன் பெயரோடு.